சாப்பாட்டை 10 மணிக்குத் தள்ளுங்கள்: சிங்கப்பூருக்குக் குழு அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, திருச்சி, மதுரை, கோவையிலிருந்து சிங்கப்பூருக்குக் குழுவாக ஆட்களை அனுப்பும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் பயண நிரலில் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாலைக்கு நேரே ஒரு வரி இருக்கும்: "மெர்லயன், லேசர் ஷோ, சூப்பர் ட்ரீ லைட் ஷோ, இந்திய இரவு உணவு." நிறுவனம் எதுவானாலும் வரி கிட்டத்தட்ட இதுதான். இந்த நான்கில் நடுவில் இருக்கும் இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் நடந்து போய்ப் பார்க்கலாம். ஆனால் உங்கள் குழுக்கள் அரைகுறையாகப் பார்ப்பதும் அந்த இரண்டைத்தான். மெர்லயன் முன்னால் படம் எடுத்தாகிவிடும், பஃபேயும் முடிந்துவிடும். கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை த பே) சூப்பர் ட்ரீ எனப்படும் மரவடிவக் கோபுரங்கள் ஒளிரத் தொடங்கி ஐந்தாவது நிமிடம், "பஸ் வந்துடுச்சு, எல்லாரும் கிளம்புங்க" என்று குரல் கேட்கும்.

குறை டூர் மேனேஜரிடம் இல்லை. நிரலில்தான் இருக்கிறது, அதிலும் சாப்பாட்டு நேரத்தில்.

முதலில் காட்சி நேரங்கள். பூந்தோட்டத்தின் சூப்பர் ட்ரீ தோப்பில் ஒலி ஒளிக் காட்சி தினமும் இரவு 7:45-க்கும் 8:45-க்கும். பெயர் கார்டன் ராப்சடி, ஏறத்தாழ கால் மணி நேரம். மரினா பே சேண்ட்ஸ் ஓட்டல், கடைத்தொகுதி முன்னால், நீர்க்கரையில் நடக்கும் ஸ்பெக்ட்ரா காட்சி, அதாவது நிரலின் "லேசர் ஷோ", ஞாயிறு முதல் வியாழன் வரை 8 மணிக்கும் 9 மணிக்கும். வெள்ளி, சனியில் கூடுதலாக 10 மணிக்கும் உண்டு. அதுவும் கால் மணி நேரம்தான். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் மாலை 7 மணியை ஒட்டியே மறைகிறது; கால் மணி முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். அதனால் எந்த மாதத்தில் வந்தாலும் 7:45-க்கு நல்ல இருட்டு. பருவத்துக்குப் பருவம் நிரலை மாற்ற வேண்டிய தொல்லை இதில் இல்லை.

இப்போது வயிற்றின் கணக்குக்கு வருவோம். சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் 7 மணிக்கு இரவு உணவு போட்டால், நேற்றோ முந்தாநாளோ ஊரிலிருந்து வந்தவர் வயிற்றுக்கு அது மாலை நாலரை. காபிக்கும் பஜ்ஜிக்கும் ஏங்கும் நேரத்தில் அவர் முன்னால் புலாவும் பனீரும் வைக்கிறீர்கள். பாதித் தட்டு அப்படியே போகும். பிறகு இரவு 10:30-க்கு அறைக்குப் போனதும் பசிக்கும். ஊர்க் கணக்கில் அப்போதுதான் மணி எட்டு. இதற்கிடையே உணவகத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் 7:45 காட்சி போயிற்று, 8 மணிக் காட்சியும் போயிற்று. மிச்சமிருக்கும் 8:45-ஐயும் 9-ஐயும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. முதலாவது முடியும்போதே இரண்டாவது தொடங்கிவிடும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மாலை 6 மணிக்கு நல்ல டிபன், இரவு 10 மணிக்குச் சாப்பாடு. ஊர்க் கணக்கில் மூன்றரை மணி டிபன், ஏழரை மணிச் சாப்பாடு. யாருக்கும் பழக்கம் கெடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இடையில் 8:15 வாக்கில் ஏதாவது கொறிக்கக் கொடுக்க வேண்டும். பையில் பிஸ்கட் இருந்தால் போதும். உணவகத்தாரிடம் மட்டும் முன்கூட்டியே பேசிவையுங்கள். லிட்டில் இந்தியாவில் இரவு வெகுநேரம் திறந்திருக்கும் கடைகள் உண்டு என்றாலும், முப்பது பேர் சொல்லாமல் கொள்ளாமல் 10 மணிக்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்த சமையலறைதான் வரவேற்கும்.

அடுத்தது வரிசை. இரண்டு காட்சியையும் ஒரே இரவில் பார்க்க இரண்டு வழி உண்டு. 8 மணிக்கு ஸ்பெக்ட்ரா பார்த்துவிட்டு 8:45-க்கு மரங்களுக்குப் போகலாம். அல்லது 7:45-க்கு மரங்களைப் பார்த்துவிட்டு 9 மணிக்கு ஸ்பெக்ட்ராவுக்கு வரலாம். முதல் வழியில் இடைவெளி அரை மணி நேரம், இரண்டாவதில் ஒரு மணி நேரம். இரண்டு இடத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை. நடுவில் பாலம், நகரும் படிக்கட்டு, கடைத்தொகுதி எல்லாம் வரும். தனியாக நடப்பவருக்குக் கால் மணி. முப்பது பேர், அதில் ஆறேழு மூத்தவர்கள், கழிப்பறைக்கு ஒதுங்குபவர்கள், கடைக் கண்ணாடியில் கண்ணை விட்டவர்கள் என்று சேர்ந்தால் முப்பது நிமிடம் தாராளமாகப் பிடிக்கும். முதல் வழியில் போன குழு மூச்சு வாங்க வந்து கூட்டத்தின் கடைசியில் நிற்கும். இரண்டாவது வழிதான் சரி. அதில் இன்னொரு லாபமும் உண்டு: 8:15-க்கு ஸ்பெக்ட்ராவின் முதல் காட்சி முடிந்து நீர்க்கரைப் படிகளில் இருந்த கூட்டம் எழுந்து போய்விடும். 8:30-க்கு வந்து சேரும் உங்கள் குழுவுக்கு நல்ல இடம் காலியாகக் கிடக்கும்.

மெர்லயனை இந்த மாலையில் சேர்க்காதீர்கள். 8.6 மீட்டர் உயரச் சிலை, காலையில் போனாலும் அங்கேயேதான் நிற்கும். அங்கிருந்தே எதிர்க்கரை லேசரைக் காட்டி "லேசர் ஷோ முடிந்தது" என்று கணக்கெழுதும் வழக்கம் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். அங்கிருந்து ஓட்டல் உச்சியிலிருந்து வானில் பாயும் ஒளிக்கற்றைகள் தெரியும், அவை அழகும்கூட. ஆனால் ஸ்பெக்ட்ராவின் உயிர் தண்ணீரில் இருக்கிறது. ஊற்றுகள் எழும்பி, நீர்த்திவலையால் ஒரு திரை உண்டாகி, அந்தத் திரையில் உருவங்கள் விழும். திரை கடைத்தொகுதிப் பக்கத்துப் படிகளைப் பார்த்தே அமைந்தது. இசையும் அங்கேதான் கேட்கும். எதிர்க்கரையில் நிற்பவருக்கு இது ஒலியை அணைத்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்க்கும் தொலைக்காட்சிதான். ஓட்டலின் மேல்தளக் காட்சி மேடைக்குக் காசு கொடுத்து ஏறினாலும் இதே கதை: அங்கிருந்து நகரமும் மறுபக்கத்து மரங்களும் அருமையாகத் தெரியும், நீர்த்திரை சரியாகத் தெரியாது. "மேலிருந்து லேசர் ஷோ" என்று சொல்லி அந்த டிக்கெட்டை விற்காதீர்கள்.

மரத்தோப்பில் எங்கே நிறுத்துவது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் நேரே நடுவில் உள்ள உயரமான மரத்தின் அடியில் போய்க் குவிகின்றன. தோட்டத்தில் மொத்தம் 18 சூப்பர் ட்ரீகள். அதில் 12 இந்தத் தோப்பில். உயரம் 25 முதல் 50 மீட்டர் வரை. 50 மீட்டர் மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குக் கால் மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். தெரிவதும் ஒரே மரத்தின் குடை அடிப்பாகம்தான். ஒளியோ இசைக்கேற்ப ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ஓடுகிறது. அந்த ஓட்டம் பிடிபட வேண்டுமென்றால் மூன்று நான்கு குடைகளாவது ஒரே பார்வைக்குள் வர வேண்டும். உடம்பு இடம் கொடுப்பவர்கள் தரையில் மல்லாந்து படுத்துவிடலாம். உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள், யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆளுக்கு ஒரு துண்டோ பழைய போர்வையோ கொண்டுவரச் சொல்லுங்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தால் தரை ஈரமாக இருக்கும். கழுத்து வலி, முழங்கால் வலி உள்ளவர்களைத் தோப்பின் ஓரத்துக்கு அழைத்துப் போங்கள். மரத்திலிருந்து அதன் உயரத்தின் அளவு தள்ளி நின்றால் அரைப் பங்கு தலையைத் தூக்கினாலே உச்சி தெரியும். ஓரத்தில் உட்கார இடமும் கிடைக்கும், ஆனால் 7:15-க்குள் போனால்தான்.

மரங்களுக்கு நடுவே 22 மீட்டர் உயரத்தில் தொங்கும் 128 மீட்டர் நடைபாலத்துக்குக் கட்டணம் உண்டு. அதில் ஏறினால்தான் காட்சி தெரியும் என்று பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். பாலம் பகலிலோ அந்தி நேரத்திலோ ஏற நல்ல இடம். காட்சிக்குக் கீழே இருப்பதே மேல்.

காட்சி முடிந்தவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நகர்வார்கள். தொலைந்துபோவது அங்கேதான் நடக்கும். சந்திக்கும் இடத்தைக் காட்சிக்கு முன்பே வெளிச்சத்தில் காட்டிவிடுங்கள். "பெரிய மரத்தடி" என்று சொன்னால் 12 மரத்தடி இருக்கிறது. ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து கூட்டம் கரைந்த பின் எழுந்தால் எந்த அவசரமும் இல்லை, கையில் ஒரு மணி நேரம் இருக்கிறதே.

அங்கிருந்து தும்பிப் பாலம் தாண்டி ஓட்டல் பக்கம் வந்து, கடைத்தொகுதிக்குள் நுழைந்து, நீர்க்கரை வாயில் வழியாக வெளியே வர வேண்டும். கழிப்பறையும் குளிர்சாதனமும் கடைத்தொகுதியில்தான்; அங்கே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வெளியே வந்ததும் ஒரு பக்கம் தாமரை வடிவ ஆர்ட்சயன்ஸ் அருங்காட்சியகம், மறுபக்கம் தண்ணீரில் மிதக்கும் கண்ணாடி உருண்டையாக ஆப்பிள் கடை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் படிகள்தான் நீங்கள் தேடும் இடம். முதல் படியில் இடம் கிடைத்தது என்று மகிழ வேண்டாம். காற்று கரைப் பக்கம் திரும்பினால் சாரல் முகத்தில் அடிக்கும், கேமராவிலும் அடிக்கும். மூன்றாவது, நான்காவது படி வசதி. காற்று பலமாக இருக்கும் இரவில் நீர்த்திரை கிழிந்து கிழிந்து உருவம் கலையும். அது கருவிக் கோளாறு அல்ல, திரையே திவலைதான். நனைந்த பலகை வழுக்கும் என்பதை மூத்தவர்களிடம் எழும்போதும் ஒருமுறை சொல்லுங்கள்.

பூந்தோட்டத்தின் கண்ணாடிக் குவிமாடங்கள் இரண்டும் டிக்கெட் இடங்கள். அவற்றை 7 மணிக்குப் போடும் நிரல்களும் உண்டு. குழு உள்ளே பூ பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே காட்சி நடந்து முடிந்துவிடும். 3:30-க்கு உள்ளே போனால் 6 மணிக்கு வெளியே வந்து டிபன் சாப்பிட்டுத் தோப்புக்குச் சாவகாசமாக நடக்கலாம். உள்ளே குளுகுளுவென்று இருக்கும், மூத்தவர்களுக்கு ஒரு சால்வை.

இனி பேருந்து. உங்களுக்கு அவசரமே பேருந்தால்தான் என்பது தெரியும். வாடகை மணிக்கணக்கு, இரவு நீண்டால் கட்டணமும் நீளும். ஓட்டுநரும் நினைத்த இடத்தில் நிறுத்திவைத்துக் காத்திருக்க முடியாது. அப்படியானால் மாலை 3:30-க்கு இறக்கிவிட்டதோடு பேருந்தை அனுப்பிவிடுங்கள். உங்கள் குழுக்களில் பாதிக்கு மேல் தங்குவது லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைப் பக்கம். பேஃபிரண்ட் ரயில் நிலையம் கடைத்தொகுதியின் அடியிலேயே இருக்கிறது. அங்கிருந்து நீல நிற டவுன்டவுன் தடத்தில் பிராமனேட், புகிஸ், ரோச்சோர், நான்காவது லிட்டில் இந்தியா. ரயில் மாற வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது இரண்டு. பேஃபிரண்டில் ஆரஞ்சு நிற வட்டத் தடமும் வருகிறது, அதில் ஏறிவிடக் கூடாது. நீலத்திலும் புக்கிட் பாஞ்சாங் போகும் திசை ரயில்தான் வேண்டும். ஃபேரர் பார்க் பக்கம் தங்கியவர்கள் லிட்டில் இந்தியாவில் ஊதா நிறத் தடத்துக்கு மாறி ஒரு நிலையம் போகலாம், அல்லது நடந்தே போய்விடலாம். 9:15-க்குக் காட்சி முடிந்து, கூட்டம் இறங்க ஒரு கால் மணி விட்டாலும், 10 மணிக்கு இலைக்கு முன்னால் உட்காரலாம்.

முப்பது பேரை ஒரே பெட்டியில் ஏற்ற முயலாதீர்கள். ஏழெட்டுப் பேராகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கைப்பேசி உள்ள ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அடுத்த ரயிலில் வந்தாலும் லிட்டில் இந்தியா மேடையில் சேர்ந்துகொள்ளலாம். பயணக் கட்டணத்துக்கு விசா, மாஸ்டர்கார்டு தட்டு அட்டைகள் (கான்டாக்ட்லெஸ்) போதும். வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சிங்கப்பூர் காசு (சென்ட்) கூடுதல் பிடிப்பார்கள். ஒருவருக்கு ஓர் அட்டை; கணவர் தட்டிய அட்டையை மனைவியிடம் நீட்ட முடியாது. நுழையத் தட்டிய அட்டையையே வெளியேறவும் தட்ட வேண்டும். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது, வங்கிச் செயலியில் ஊரிலேயே திறந்துவிட்டு வர வேண்டும். தடுப்பு வாயிலில் நின்று ஓடிபிக்காகக் காத்திருக்கும் காட்சி இலவசக் காட்சிகளில் மூன்றாவதாகிவிட்டது. ரயிலில் தின்பதற்கும் குடிப்பதற்கும் தடை. தண்ணீர் குடித்தாலும் தப்புதான், அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம். டிபன் பொட்டலம் பையில் இருக்கலாம், பிரிக்கக் கூடாது.

மழைக்கு வருவோம். சிங்கப்பூரில் எந்த மாதமும் மழை மாதம்தான். டிசம்பர், ஜனவரியில் கூடுதல். மழை, மின்னல் என்றால் காட்சிகள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும். இலவசக் காட்சிக்கு ஈடு கேட்க முடியாது. ஆகவே இந்த மாலையைப் பயணத்தின் கடைசி இரவில் வைக்காதீர்கள். விடிய விடிய விமானத்தில் வந்து இறங்கிய முதல் நாளிலும் வேண்டாம், தோப்பில் படுத்தால் தூங்கிவிடுவார்கள். நடு நாள்களில் ஒன்று, பின்னால் ஓர் இரவு கையிருப்பு. டிசம்பர் பயணம் என்றால் அந்த நடு நாள் வெள்ளியோ சனியோ ஆக இருக்கட்டும்: 7:45 மழையில் போனாலும் 8:45-க்கு மரங்களைப் பார்த்துவிட்டு 10 மணி ஸ்பெக்ட்ராவைப் பிடிக்கலாம். மற்ற மாதங்களில் வார நாளே நல்லது, கூட்டம் குறைவு. இடி கேட்டால் காட்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் திறந்தவெளியில் ஆட்களை உட்கார வைக்காதீர்கள். அன்று காலையே இரண்டு இடங்களின் இணையப் பக்கங்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது டூர் மேனேஜரின் வேலை. தனி நிகழ்ச்சிகளுக்காகவும் பராமரிப்புக்காகவும் காட்சிகள் நிற்பதுண்டு. எஃப்1 கார்ப் பந்தயம் நடக்கும் வாரத்தில் மரினா வட்டாரச் சாலைகள் பலவும் அடைபடும். அந்த வாரத்தில் குழுவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கைப்பேசிப் படம் பற்றியும் நிரலின் பின்பக்கத்தில் நாலு வரி போடலாம். குளிர்சாதனக் கடைத்தொகுதியிலிருந்து வெளிப்புழுக்கத்துக்கு வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். கைப்பேசியைப் பைக்குள் போடாமல் ஐந்து நிமிடம் கையில் வைத்திருந்தால் சரியாகும். ஃபிளாஷை அணைக்கச் சொல்லுங்கள், 50 மீட்டர் மரத்துக்கு அது எட்டாது, முன்னால் இருப்பவர் பின்மண்டையைத்தான் வெளிச்சமாக்கும். நைட் மோடில் எடுத்தால் ஓடும் ஒளி குழம்பிப்போகும். சாதாரண வீடியோவே தெளிவு. திரையில் ஒளிரும் இடத்தை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டால் மரம் வெள்ளையாக வெளுத்துப்போகாது.

சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால் பேஃபிரண்ட் நிலையத்தின் பி வாயில் வழியாகச் சுரங்கப் பாதையில் மின்தூக்கியைப் பிடித்துத் தோட்டத்துக்கு வரலாம். வழியில் படி ஏற வேண்டியதில்லை. இவர்களுக்கு மட்டும் நடை நேரத்தில் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காசு. "லேசர் ஷோ, லைட் ஷோ சேர்க்கப்பட்டுள்ளது" என்று டிக்கெட் இடங்களோடு ஒரே பட்டியலில் போடுகிறீர்கள். பயணி இங்கே வந்து, வாயிலும் இல்லை டிக்கெட்டும் இல்லை என்று கண்டதும் எங்களிடம் கேட்கிறார், "இதுக்கு எவ்வளவு சார் வாங்கினாங்க?" பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் இருக்கிறோம். "இலவசம், நடை உண்டு, மழை பெய்தால் இல்லை" என்று நேராகவே அச்சடியுங்கள். உங்கள் சேவை கட்டணத்தில் இல்லை, 7:15-க்குத் தோப்பின் சரியான ஓரத்தில் அவரைக் கொண்டு சேர்ப்பதில் இருக்கிறது. அதற்குக் காசு வாங்குவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அடுத்த கோடை விடுமுறைக்கான நிரல்கள் அச்சுக்குப் போகும் முன் இந்த ஒரு மாலையை மட்டும் மாற்றிப் பாருங்கள்: 3:30 குவிமாடம், 6:00 டிபன், 7:15 தோப்பு, 8:30 நீர்க்கரைப் படிகள், 9:30 ரயில், 10:00 சாப்பாடு. உணவகத்தோடு பேசுவதில் சிக்கல் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பேசுகிறோம்.

இப்படிக்கு,
சிங்கப்பூரில் தமிழ்க் குழுக்களுக்கு வழிகாட்டும் சிலர்